கிற்றாருக்கு ஈரம் ஆகாது என்று நினைத்தேன்

மொன்ட்ரியாலின் லாசால் பகுதியில் எங்கள் பங்கின் தமிழ்ப் பூசைக்குக் கிற்றார் வாசித்தவர் ஓர் ஆவணி மாதம் ரொறன்ரோவுக்குக் குடிபோனார். புத்தாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. மொன்ட்ரியாலை விட்டுத் தமிழர் ரொறன்ரோவுக்குப் போவது அப்போதே செய்தியல்ல. போகாதவர்களைத்தான் ஏன் என்று விசாரிப்பார்கள். போவதற்கு முதல் வாரம், முகவரி மாற்றும் படிவங்களை நிரப்பித் தரச் சொல்லி அவர் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகமொன்றின் ஆவண அறையில் இருபது வருடமும், இங்கே ஒரு பண்டகசாலை அலுவலகத்தில் பதினைந்து வருடமும் கடதாசி பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஊரில் எனக்குள்ள மரியாதை முழுவதும் படிவங்களால் வந்தது.

"ரொறன்ரோவுக்குப் போற காரணத்தையும் எழுதவேணுமோ அண்ணை?" என்று கேட்டார்.

"கேட்டிருக்கோ? இல்லைத்தானே. கேக்காத கேள்விக்கு மறுமொழி எழுதக்கூடாது."

கையொப்பம் வைத்தார். "எனக்குப் பிறகு பூசைக்கு ஆர் வாசிக்கிறது?"

"அதுக்குப் படிவம் இல்லை" என்றேன்.

அவர் சிரித்தார். தேத்தண்ணீர் கொண்டுவந்த என் மனைவி சிரிக்கவில்லை. பாடகர் குழுவில் முன்னின்று பாடுபவர் அவர்தான். இளைப்பு நோய் உண்டு. நீண்ட வரிகளில் மூச்சுப் போதாது. கிற்றார்காரர் அதைத் தெரிந்துகொண்டு, அவர் மூச்செடுக்கும் இடங்களில் ஒரு தாளம் பொறுத்து வாசிப்பார். இது அன்றைக்கு மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. பன்னிரண்டு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் நாலாவது வாங்கில் இருந்து கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் பங்குச் சபை கூடியது. இசையைப் பதிவுசெய்து ஒலிக்கவிடும் மெஷின் ஒன்று வாங்கலாம், குழு அதனோடு சேர்ந்து பாடலாம் என்று சபைத் தலைவர் சொன்னார். மனைவி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்:

"மெஷின் எனக்காக நிக்காது. அதுக்குப் பின்னாலை ஓடிப் பாட என்னாலை ஏலாது. நான் நிப்பாட்டப்போறன்."

அவர் பாட்டை நிறுத்தினால் ஞாயிற்றுக்கிழமையில் மிஞ்சுவது என்ன என்று யோசித்தேன். இரண்டு பஸ்ஸும் என் பிரசங்க விமர்சனமும் மட்டும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, உயிர்ப்பு ஞாயிறுவரை தவணை தாருங்கள், நான் கிற்றார் பழகுகிறேன் என்றேன். வயது அறுபத்தாறு. அதற்குமுன் நான் வாசித்த ஒரே கருவி தட்டச்சு இயந்திரம். தலைவர் என்னிடம் பல படிவங்கள் நிரப்பியவர் என்பதால் மறுக்கவில்லை.

கிற்றார் வாங்கும் விடயத்தை முறைப்படி செய்தேன். ஒரு தாளில் கட்டம் போட்டு மரம், நீளம், நிறை, உத்தரவாதம் என்று தலைப்பிட்டேன். பஸ்ஸிலும் மெற்றோவிலும் டவுன்டவுனுக்குப் போய் மூன்று கடைகளில் விபரம் சேர்த்தேன். மூன்றாவது கடையை நடத்தியவர் நரைத்த தலைப் பெண்மணி. விற்பது, திருத்துவது, செவ்வாய்க்கிழமைகளில் பின்னறையில் பழக்குவது எல்லாம் அவர் ஒருவரே. என் தாளை மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். திருப்பித் தந்துவிட்டு ஒரு கதிரையைக் காட்டினார். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கிற்றார்களை மடியில் வைத்தார். முதலாவது, பயணப்பெட்டியைக் கட்டிப்பிடித்தது போல இருந்தது. இரண்டாவதுக்கும் என் வயிற்றுக்கும் எல்லைத் தகராறு. மூன்றாவது சிறியது.

"இதுதான்" என்றார் பிரெஞ்சில்.

என்ன அடிப்படையில் என்று கேட்டேன்.

"மற்ற இரண்டையும் பிடித்தபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தீர்கள். இதில் விட்டீர்கள்."

என் தாளில் அதற்குக் கட்டம் இருக்கவில்லை.

கிற்றாரோடு ஒரு துண்டறிக்கையும் வந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஆங்கிலம். அதற்குத் துளையிட்டுக் கோப்பில் போட்டு, கோப்பின் முதுகில் தலைப்பும் எழுதினேன். கோப்பில் போட்ட கடதாசி வாசித்த கடதாசி போலவே மனதில் படும். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

செவ்வாய்க்கிழமைகளில் அவரிடமே பழகப் போனேன். முதல் மாதம் இடதுகை விரல் நுனிகள் எரிந்தன. பிறகு தோல் தடித்தது. இத்தனை தந்திகளை இந்த இடத்தில் இந்த விரல்களால் அழுத்து என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு பெயர் உண்டு. நான் பிடி என்று எழுதுகிறேன். மூன்று பிடி தெரிந்தால் எங்கள் பாட்டுகளில் பாதியை வாசிக்கலாம். தனித்தனியே மூன்றும் வந்தன. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போவதுதான் வரவில்லை.

"இஞ்சேருங்கோ," என்றார் மனைவி குசினியிலிருந்து, "பஸ் மாறுற மாதிரியெல்லோ பிடி மாத்துறியள். இறங்கி, நிண்டு, அடுத்தது வருமட்டும் பாத்து..."

"நீர் உம்மடை சமையலைப் பாரும்."

டிசம்பரில், நத்தார்ப் பூசைக்கு நான் தயாராகவில்லை. குழு கருவி இல்லாமல் பாடியது. மூன்றாவது பாட்டோடு மனைவி மூச்சுப் போதாமல் உட்கார்ந்துவிட்டார்.

இதற்கிடையில் கிற்றாரை நான் மிகுந்த கவனமாகப் பேணினேன். யாழ்ப்பாணத்து ஆவண அறையில் என் எதிரி ஈரம். மாரி தொடங்கினால் கோப்புகளில் பூஞ்சணம் பிடிக்கும், மர அலுமாரிக் கதவுகள் ஊதி இறுகும். மரம், கடதாசி எதையும் உலர்வாக வை என்பது நான் உத்தியோகத்தில் படித்த முதல் விதி என்றே சொல்லலாம். ஆகவே கிற்றார்ப் பெட்டியை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தேன். புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்ச வைத்திருப்பார்களே, தின்னாதே என்று எழுதிய சிறு வெள்ளைப் பொட்டலங்கள், அவற்றைத் தெரிந்த வீடுகளிலெல்லாம் கேட்டு வாங்கி உள்ளே அடுக்கினேன். படிவம் நிரப்ப வந்தவர்கள் பொட்டலத்தோடு வந்தார்கள்.

தவக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள், செவ்வாய்க்கிழமை, கடையின் பின்னறையில் பெட்டியைத் திறந்தேன். கிற்றாரின் முன்பலகையில், தந்திகள் கட்டியிருக்கும் இடத்திலிருந்து கீழ் விளிம்புவரை ஒரு வெடிப்பு. ஒரு விரல் நீளம் இருக்கும்.

அந்தப் பெண்மணி வெடிப்பைப் பார்க்கவில்லை. பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். வரிசை நீண்டுகொண்டே போனது.

"யார் போட்டது?"

"நான்தான். ஈரம் பிடிக்காமல்."

"இந்த ஊரில், குளிர்காலத்தில், ஹீற்றர் போட்ட வீட்டில், எங்கே ஐயா ஈரம்? உங்கள் உதட்டைப் பாருங்கள்."

என் உதடும் வெடித்துத்தான் இருந்தது. துண்டறிக்கையின் இன்னொரு பிரதியை எடுத்துத் தந்தார். இரண்டாவது பந்தி: இது உலர்ந்தால் வெடிக்கும், குளிர்காலத்தில் ஈரப்பதன் கொடுங்கள். இரண்டு மொழியிலும் இருந்தது. இரண்டும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

பலகை மெதுவாக ஈரம் குடித்துப் பழைய அளவுக்கு வரவேண்டும், பிறகுதான் ஒட்டலாம், ஆறு வாரம் ஆகும் என்றார். எங்கள் பங்கில் தவக்காலத்தில் இசைக்கருவி தொடமாட்டார்கள். அதனால் அந்த ஆறு வாரமும் எவரும் என்னிடம் கிற்றாரைக் கேட்கவில்லை. மனைவியிடம் மட்டும் சொல்லவேண்டியிருந்தது.

"ஊருக்கெல்லாம் சின்ன எழுத்தை வாசியுங்கோ, சின்ன எழுத்தை வாசியுங்கோ எண்டு சொல்லுற ஆள்" என்றார். பிறகு, "அப்ப உயிர்ப்புக்கு மெஷின்தான், என்ன" என்றார். முதலாவது பகிடி. இரண்டாவது பகிடி அல்ல.

ஒரு பலகைத் துண்டை எடுத்து ஆறு கோடு கீறினேன். நாற்பது நாளும் அதன்மேல் பிடி மாற்றினேன். சத்தம் வராத கருவியில் பிழை தெரியாது என்பது அதன் குறை. அயலவர் கதவு தட்டமாட்டார் என்பது நிறை.

உயிர்ப்புக்கு மூன்று நாள் இருக்கக் கிற்றார் திரும்பி வந்தது. ஒட்டிய இடம் தழும்புபோலத் தெரிந்தது. ஈரம் கொடுக்க என்று, துளையிட்ட சவர்க்காரப் பெட்டி ஒன்றுக்குள் பஞ்சு வைத்து அந்தப் பெண்மணி கூடவே தந்திருந்தார். பூசை காலை பதினொரு மணிக்கு. முதற் பாட்டின் இரண்டாவது வரியில் பிடி மாற்றும்போது என் மோதிரவிரல் தந்தியைத் தேடியது. மனைவி கடைசி எழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு ஆறுதலாக மூச்செடுத்தார். என் விரல் இடத்துக்கு வந்தது. அவர் தொடர்ந்தார். இரண்டாவது பாட்டில் சனமும் அந்த இடங்களில் நிற்கப் பழகிவிட்டது. நாலு பாட்டும் அப்படியே போயின. மனைவி ஒன்றிலும் உட்காரவில்லை.

பூசை முடிய, சபைத் தலைவர் வந்தார். "அண்ணை, பாட்டுகள் கொஞ்சம் நீண்டுபோச்சுது."

"சுவாமியின்ரை பிரசங்கத்தை விடக் கட்டை" என்றார் மனைவி.

"அப்ப மெஷின்...?"

"அதைக் கலியாண வீடுகளுக்கு வைச்சிருங்கோ" என்றார் அவரே.

பஸ் தரிப்பில் பனிக்கட்டி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கிற்றாரை நடுவில் வைத்துக்கொண்டு நின்றோம்.

"நான் மூச்செடுக்கிற இடமெல்லாம் எப்பிடித் தெரிஞ்சு நிண்டனீங்கள்?" என்றார். மறுமொழிக்குக் காத்திராமல், "ரொறன்ரோவுக்குப் போனவரும் இவ்வளவு நேரம் தந்ததில்லை" என்றார்.

நான் நாலாவது தந்தியைத் தேடிக்கொண்டு நின்றேன் என்பதைச் சொல்லவில்லை. எப்படித் தெரிந்து நின்றேன் என்று கேட்டாரே தவிர ஏன் நின்றேன் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், துளையிட்ட சவர்க்காரப் பெட்டிக்குள் இருந்த பஞ்சை நனைத்துப் பிழிந்து, கிற்றார்ப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.