எழுபத்திரண்டும் முந்நூறும்

வேலூரில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸில் டிசைனராக இருந்துவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகு ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் சேர்ந்தேன். புது சாம்பிள்களின் படங்களை வெப்சைட்டில் ஏற்றுவது என் வேலை. பிரஸ்ஸில் படம் என்றால் முந்நூறு டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. அதற்குக் கீழே போனால் அச்சு மங்கிவிடும். அதே பழக்கத்தில் இங்கேயும் ஏற்றினேன்.

சேர்ந்த வாரமே சிக்கல். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர்களோடு பேசும் மெர்ச்சன்டைசர் நஸ்ரீன் அக்கா, என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"எஸ்தர், பையர்கிட்ட இருந்து மெயில். நம்ம படம் தொறக்கவே மாட்டேங்குதாம். வேற கம்பெனி சாம்பிளும் பாத்துட்டு இருக்காங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா ஒரு தையல் லைனே சும்மா நிக்கும்மா."

மேனேஜர், "ஃபைல் பெருசா இருக்கு, அதான் தொறக்கல. ஸ்க்ரீனுக்கு எழுபத்திரண்டு டிபிஐ போதுமாம், மாத்திடு" என்றார். மாற்றினேன். ஃபைல் கொஞ்சமும் இளைக்கவில்லை.

"இன்னாம்மா, நம்பர் மாத்தியும் கம்மி ஆகலையே?" என்றார் அக்கா.

ஒரே ஷூ படத்தை எழுபத்திரண்டில் ஒன்று, முந்நூறில் ஒன்று என்று சேமித்து, திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். துளி வித்தியாசம் இல்லை. இரண்டுமே இரண்டாயிரத்து நானூறு பிக்சல் அகலம். அப்போதுதான் புரிந்தது. ஒரு அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பது அச்சுக்கான கணக்கு. பிரவுசர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. மொத்தம் எத்தனை பிக்சல் என்றுதான் பார்க்கிறது.

அகலத்தை அறுநூறு பிக்சலாகக் குறைத்தேன். படம் சட்டென்று திறந்தது. அக்கா மட்டும் முகம் சுளித்தார்.

"வேகமா வருது, சரி. தையல் எங்க? அத பாத்துதான் அவங்க முடிவு பண்ணுவாங்க."

நியாயம்தான். பெரிய படத்திலிருந்து தையல் பகுதியை மட்டும் வெட்டி, தனிப் படமாக்கினேன். ஷூவைக் க்ளிக் செய்தால் அது திறக்கும்படி வைத்தேன். எல்லா சாம்பிளுக்கும் அப்படியே செய்து ஏற்றினோம்.

மறுநாள் அக்கா தன் சீட்டிலிருந்தே கத்தினார்: "எஸ்தர், க்ளியரா தெரியுதாம்! சாம்பிள் ஜோடி அனுப்பச் சொல்றாங்க!"

ஜோடி போனது, ஆர்டரும் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இன்றும் என்னிடம் "எத்தனை டிபிஐ வைக்கணும் மேடம்?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எது தெரியவேண்டும் என்று முதலில் கேளுங்கள் என்கிறேன். எத்தனை பிக்சல் என்பது அதிலிருந்தே வந்துவிடும்.