காலடியில் வைத்த பூ

தொண்ணூற்று நாலில் காரைக்குடியில் ஓர் அருங்காட்சியகக் காவலாளி சகாய ஆண்டனி. பல்கலைக்கழகத்தையும் பெரிய வீடுகளையும் பார்க்க வருகிற வெளியூர்ப் பெண்கள், அருங்காட்சியகத்துக்கும் வந்து, அங்கிருந்த அம்மன் சிலையின் காலடியில் பூ வைத்துவிட்டுப் போவார்கள்.

"இது சாமியில்ல, வெறுங்கல்லு. பூவ எடுத்துப் போடுங்க ஆண்டனி" என்று அதிகாரி தினமும் எரிந்து விழுவார். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிற ஆண்டனியும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சிலையைப் பக்கத்து அறைக்கு மாற்ற ஆட்கள் வந்தார்கள். ஆண்டனி கயிறு கட்டப் போனார். அதிகாரி பதறிவிட்டார்.

"என்னத்துக்கு அவசரப்படுறீக? ராகுகாலம் முடியட்டும்!"

"கல்லுக்குமா சார்?" என்பது வாய்வரை வந்தது. ஆண்டனி கயிற்றைச் சுருட்டி வைத்தார்.

அன்று சாயங்காலமும் சிலையின் காலடியில் மல்லிகைப்பூ இருந்தது. ஆண்டனி அதை எடுக்காமலே கதவைப் பூட்டினார்.