மூன்று கீற்று குறைவு

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், சென்னையில் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அத்தை திருத்தணிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினாள். அவள் வந்த காரியம் ஈச்சை. பள்ளிப்பட்டுக்குப் போகும் வழியில் உள்ள காட்டுக் குன்றில், அடிமரமே இல்லாமல் தரையிலிருந்தே மட்டை விரித்து, என் இடுப்புக்கு மேல் வளராத ஓர் ஈச்சை இருந்தது. கீழே ஏரிக்கரையில் இருந்ததோ ஆளுயர மரம். இரண்டும் ஒரே இனமா, வேறா என்பதுதான் அவளுடைய கேள்வி. வேறு என்றால், குன்றில் இருப்பது இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம்.

என் அப்பா, நைனாவுக்கு, அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது. தங்கை வந்து இறங்கிய மறுநாளே, கே.ஜி.கண்டிகை டீக்கடை வரைக்கும் புது மரம் கண்டுபிடித்தாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்குக் கிடைத்தது எண்ணும் வேலை. மட்டையில் ஓர் அடி அளந்து, அதற்குள் எத்தனை கீற்று, அதாவது எத்தனை சின்ன இலை, என்று நான் சொல்ல வேண்டும். அத்தை முள்ளின் நீளத்தையும் பழத்தின் பருமனையும் அளந்தபடியே நான் சொல்வதை நோட்டில் எழுதுவாள்.

“புதுசுன்னா இன்னா பேரு வெப்ப அத்தே?”

“உன் பேரையே வெச்சிட்டா போச்சு.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து குன்றின் ஈச்சைகளுக்குக் கீற்று குறையத் தொடங்கியது. பதினெட்டைப் பதினைந்து என்றேன். இருபதைப் பதினேழு என்றேன். வித்தியாசம் இருந்தால்தானே புது இனம்?

நான்கு நாள் கழித்து அத்தை கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் துள்ளி எழுந்தாள். பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் திங்கட்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். நைனா லட்டு வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். என் லட்டை நான் தின்னாமல் வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு முருகன் கோயிலுக்குப் படியேறினாள். வழக்கம்போல நான் படிகளை எண்ணிக்கொண்டே போனேன்.

“எண்றதுல உன்ன அடிச்சிக்க ஆளே இல்லடி” என்று அத்தை என் தலையைத் தடவினாள்.

நூற்றுச் சொச்சம் படியில் நான் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. மஞ்சளும் குங்குமமும் இட்ட படிகளில் ஆட்கள் எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தார்கள். என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“ஏரிக்கரை மரத்துலயும் கொறைச்சியா?”

“இல்ல. குன்னு மேல கீறது மட்டுந்தான்.”

“சரி, எழுந்துரு.”

சாமி பார்க்காமலே இறங்கினோம். பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடித்தோம். அன்றும் அடுத்த நாளும் குன்றின் ஒவ்வொரு ஈச்சையையும் திரும்ப எண்ணினோம். நான் எண்ணுவேன், பிறகு அவள் எண்ணுவாள். இரண்டும் ஒத்தால்தான் நோட்டில் ஏறும். எண்ணிக்கை ஏரிக்கரை மரத்தோடு பொருந்திப்போனது. முள்ளும் பழமும்கூட அப்படியே.

இரண்டாம் நாள் மதியம், இதுவரை போகாத ஒரு பாறைப் பிளவுக்குள் அத்தை எட்டிப் பார்த்தாள். உள்ளே குன்றின் அதே ஈச்சை, அவள் தலைக்கு மேல் உயர்ந்து, நல்ல அடிமரத்தோடு நின்றது.

தலையில் ஓலைக்கட்டோடு அந்தப் பக்கம் வந்த ஓர் அம்மாவிடம் ஓடிப்போய், இது மட்டும் எப்படி வளர்ந்தது என்று கேட்டாள்.

“அந்த மரத்த அறுக்க முடியாதும்மா, கை எட்டாது” என்றார் அந்த அம்மா. “மத்ததெல்லாம் தொடப்பத்துக்கு வருசா வருசம் அறுத்துகினு கீறோம். மீதிய காட்டு நெருப்பு தின்னுது. அப்பறம் எங்க வளரும்?”

அத்தை வாய்விட்டுச் சிரித்தாள். முள் குத்தக் குத்தப் பிளவுக்குள் நுழைந்து அந்த மரத்தைப் படம் எடுத்தாள். குன்றிலிருந்து இறங்கியதும் பேராசிரியருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னாள்.

வீட்டில் நைனாதான் இடிந்துபோனார்.

“அப்போ புதுசு இல்லியா பாப்பா? ஊரு பூரா சொல்லிட்டனே!”

“இல்லண்ணா. ரெண்டும் ஒண்ணுதான். அறுக்காம வுட்டா அதுவும் மரமாவும்.”

அத்தை நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து, ஸ்கேல் வைத்து ஒரு வரியை அடித்தாள். லத்தீன் வால் ஒட்டிய என் பெயர். அவள் நிஜமாகவே எழுதி வைத்திருந்தாள். நான் மறுபடி அழ ஆரம்பித்தேன்.

“எதுக்குடி அழுவுற? பேரு போனா போவுது, குட்டையா கீறதும் வுட்டா வளரும்னு தெரிஞ்சிகினோம் இல்ல?” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

என்னைத் தேற்றத்தான் சிரிக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். மரம் என்றால் வளரத்தானே செய்யும், அதில் இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.