சாய்ந்து கிடந்த தோட்டா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், அப்போது ஜன்னல் திறந்திருந்ததா, மின்விசிறி ஓடியதா, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். உலோகவியல் படித்தவள், கோவையில் ஒரு சோதனைக் கூடத்தில் வேலை, பழைய தோட்டாக்களை அடையாளம் கண்டு மதிப்புச் சொல்வது பொழுதுபோக்கு. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்து வீடு. அந்த வீட்டுப் பெரியவர் காலமானதும் அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் கோவையில் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்துவிட்டார்கள், ஆனால் பரணில் ஒரு டப்பா நிறையத் தோட்டாக்கள் தங்கிவிட்டன. மகன் செந்திலுக்கு அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக் கூடத்தில் மாட்ட ஆசை. அவருடைய அம்மா பழனியம்மாளுக்கோ, ஏதாவது ஒன்று வெடித்துவிடுமோ என்ற பயம், பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீடு. அதற்காகத்தான் என்னை அழைத்தார்கள்.

நல்ல பகல் வேளை. சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக எடுத்து, எடை பார்த்து, அடியில் குத்தியிருக்கும் தயாரிப்பாளர் எழுத்தைப் படித்து, நடுவிலுள்ள சிறு மூடியில் துப்பாக்கியின் ஊசி அடித்த பள்ளம் இருக்கிறதா என்று பார்த்தேன், பள்ளம் இருந்தால் சுட்ட தோட்டா. எழுத்துகள் எல்லாம் மழுங்கிக் கிடந்தன.

"ஆயுத பூசைக்கு வருசா வருசம் புளி போட்டுத் தேச்சு, பொட்டு வெச்சுப்போடுவனுங்க அம்மணி," என்றார் பழனியம்மாள் பெருமையாக.

"எழுத்து போனா மதிப்பும் போச்சுங்கம்மா."

"நல்லாத் தேச்ச போ, சொத்தையே தேச்சுப்போட்ட," என்று செந்தில் சிரித்தார்.

ஒன்று மட்டும் கனத்தது. மூடி வழவழவென்று இருந்தது, பள்ளமே இல்லை. படம் எடுத்துவிட்டு அதைத் தனியாக நிமிர்த்தி வைத்தேன்.

"இது இன்னும் வெடிக்குமுங்க. ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க."

"அட ஏனுங்க மேடம், இத்தன வருசமா சும்மாதான கெடந்துச்சு? நட்டநடுவுல வெக்கறக்கு அதுதானுங்க லட்சணம்."

"உங்கொப்பன் சொல்லியே கேக்காதவன், அந்தப் புள்ள சொல்லியா கேக்கப்போற?" என்றார் அம்மா.

அவர் சொல்லி முடிக்கவில்லை, டக்கென்று ஒரு சத்தம். துப்பாக்கிக் குதிரை விழும் சத்தம், மூன்று பேரும் கேட்டோம். தோட்டா சாய்ந்து கிடந்தது, வாய் செந்திலின் நெஞ்சுக்கு நேராக. மேசையை யாரும் தொடவில்லை, கரண்ட் இல்லாததால் மின்விசிறியும் ஓடவில்லை. எடுத்துப் பார்த்தால் மூடியில் புதுப் பள்ளம், நடுவைவிட்டுச் சற்று விலகி, பிறை மாதிரி. டப்பாவிலிருந்த சுட்ட தோட்டாக்கள் எல்லாவற்றிலும் அதே பிறைதான். ஒவ்வொரு துப்பாக்கியின் ஊசிக்கும் தனித் தடம் உண்டு, நம்பினால் நம்புங்கள், இது பெரியவரின் துப்பாக்கித் தடம். கடைக்குப் போன் செய்து கேட்டேன், துப்பாக்கி அங்கேதான், இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

செந்தில் தானே ஸ்டேஷனுக்குப் போன் போட்டார், அவர்களும் வந்து எடுத்துப் போனார்கள்.

சில வாரம் கழித்து என்னை அழைத்தார். "ஏனுங்க மேடம், மருந்து கெட்டுப்போய்த்தான வெடிக்கல?"

"ஆமாங்க," என்றேன்.

போலீஸுக்காக அந்தத் தோட்டாவை அழித்த வெடிபொருள் நிபுணரிடம் நான் முன்பே பேசியிருந்தேன். பிரித்துக் கொட்டியபோது வெடிமருந்து துளி ஈரமில்லாமல் இருந்ததாம், ஒரே தீக்குச்சியில் குப்பென்று பிடித்துக்கொண்டதாம். "அடி வாங்கியும் இது எப்படிங்க வெடிக்காம இருந்துச்சு?" என்று அவர் என்னைத்தான் கேட்டார்.

செந்திலிடம் இதை இன்னும் சொல்லவில்லை.