அத்தைக்குச் சொன்ன கனவுகள்

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது என் கனவுகளுக்கு வீட்டில் ஒரு மதிப்பு இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அவற்றை அத்தனை ஆசையோடு கேட்டதில்லை. நான் கனவு என்று வாயெடுத்தாலே என் கணவர் பத்திரிகையை விரித்துக்கொள்வார்.

கேட்டவர் அத்தை, என் அப்பாவின் தங்கை. மலாக்கா காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, கைக்குழந்தையான தம்பி மூவரும் ஓர் அறையில். நானும் அத்தையும் சமையற்கட்டை ஒட்டிய அறையில், ஒரே பாயில். ஜப்பான்காரன் காலத்தில் அத்தையின் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். போனவர் திரும்பவில்லை. இறந்துவிட்டார் என்று வந்து சொல்லவும் ஆள் இல்லை. அதனால் அத்தை பொட்டு வைத்துக்கொண்டிருந்தார், தாலியைக் கழற்றவில்லை. அந்த மாமாவை நான் சுவரில் மாட்டியிருந்த படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

விடிந்து கண்ணைத் திறந்தால் முதலில் தெரிவது அத்தையின் முகம். எனக்கு முன்பே எழுந்து, குளித்து, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்.

"என்ன பாத்த பாப்பா?"

நான் சொல்லத் தொடங்குவேன். என்னை மடியில் சாய்த்துக்கொண்டு, தலையில் எண்ணெய் தேய்த்தபடி அத்தை கேட்பார். அம்மாவுக்குத் தம்பியோடு நேரம் சரியாக இருந்தது. அப்பா முனிசிபல் வேலைக்கு இருட்டோடு கிளம்பிவிடுவார். பள்ளிக்கூடத்தில் நான் வாய் திறப்பதே இல்லை. இந்த ஒருவர் மட்டும் நான் சொல்வதை மூச்சுவிடாமல் கேட்டார். பாம்பு வந்தது என்றால், "எந்தப் பக்கமா போச்சு?" என்பார். ஆறு என்றால், "தண்ணி தெளிவா இருந்துச்சா, கலங்கலா இருந்துச்சா?" அவருடைய விரல்கள் என் தலைமயிருக்குள் நின்றுபோகும் இடம் எனக்குத் தெரியும். அங்கேதான் நான் ஏதோ முக்கியமானதைச் சொல்லியிருக்கிறேன்.

"உங்களுக்குக் கனவு வராதா அத்தை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எனக்கு நின்னுபோச்சு பாப்பா. மாமா போனதோட."

பத்து மணிவாக்கில் பீபிக் வருவார். வயதான சீனப் பெண்மணி, தலைமுறைகளாக மலாக்காவில் வாழ்ந்து மலாய் பேசும் நியோன்யா. சாரோங் கெபாயாவும் கையில் ஒரு மூங்கில் கூடையுமாகச் சந்து முழுக்கச் சுற்றுவார். கூடையில் மேலாக நாலு குவே பலகாரம் இருக்கும். அவர் வருவது பலகாரம் விற்க அல்ல. சாப் ஜி கீ என்று ஓர் ஆட்டம். பன்னிரண்டு எண்களில் எது விழும் என்று காசு கட்டுவது. எங்கள் சந்தில் அநேகமாக எல்லாப் பெண்களும் கட்டினார்கள். போலீசுக்குத் தெரியாமல் நடந்தது என்றாலும், பீபிக்கை யாரும் பெரிய குற்றவாளியாக நினைத்ததில்லை. அம்மாகூட எப்போதாவது கட்டுவார். மாலையில் எண் தவறிப்போனால், "போச்சு போ" என்று சிரித்துவிட்டு மீன் கழுவ உட்கார்ந்துவிடுவார்.

"அடா மிம்பி?" என்று மலாயில் கேட்டபடியே பீபிக் படியேறுவார். கனவு உண்டா என்று அர்த்தம். அத்தை என்னைப் பார்த்துச் சிரிப்பார். பாம்புக்கு ஓர் எண், கலங்கிய தண்ணீருக்கு ஓர் எண் என்று இருவரும் தலையை ஒட்டிவைத்துக்கொண்டு பேசுவார்கள். ஒருமுறை என் கனவில் வந்த யானைக்கான எண் விழுந்தது. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினார். அன்று ஐஸ் கச்சாங் வாங்கித் தந்தார். அந்த யானையை வெகுநாள் திரும்பவும் கனவில் வரச்சொல்லி வேண்டிக்கொண்டு படுத்தேன்.

பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. பாசாருக்குப் போய்வருவது அத்தையின் பொறுப்பு. குழம்பில் மீன் குறைந்து கத்தரிக்காய் கூடியது. அத்தையின் கையில் வளையல்களைக் காணவில்லை. சமைக்கும்போது இடிக்கிறது என்றார். பிறகு தாலிக்கொடி போய் மஞ்சள் கயிறு வந்தது. கழுத்து அரிக்கிறது என்றார். அம்மா அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. காலையில் கேள்விகளும் கூடின. கனவு வரவில்லை என்று நான் சொன்னால் அத்தையின் முகம் சுருங்கிவிடும். "நல்லா யோசிச்சுப் பாரு. ஏதாவது இருக்கும்" என்பார். மடி அப்படியேதான் இருந்தது. எண்ணெய் தேய்க்கும் விரல்களில் மட்டும் ஓர் அவசரம்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், எப்போது என்று அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குப் போன நாள் அது. எனக்குக் காலையிலிருந்தே உடம்பு கதகதவென்றிருந்தது. அம்மா தயங்கினார்.

"நீங்க போய்ட்டு வாங்க அண்ணி. நான் பாப்பாவப் பாத்துக்குறேன்" என்றார் அத்தை.

அவர்கள் போனபின் காய்ச்சல் ஏறியது. சந்தில் சத்தமே இல்லை. கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது மட்டும் கேட்டது. கதவருகில் யாரோ நிற்பதுபோல எனக்குத் தோன்றியது. வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆள்.

"யாரோ நிக்கிறாங்க அத்தை."

அத்தை சட்டென்று குனிந்தார். "யாரு? ஆம்பளையா?"

"ம்."

"மாமாவா பாப்பா? படத்துல இருக்குற மாமாவா?"

எனக்குத் தெரியவில்லை. ஆம் என்று தலையாட்டினேனோ, தலை தானாகத்தான் ஆடியதோ. அத்தை என் தோள்களைப் பிடித்துக்கொண்டார்.

"கையில என்ன வச்சிருக்காரு? வெரல் காட்டுறாரா? எத்தன வெரல்? தூங்காத பாப்பா, கண்ணத் தொறந்து பாத்துச் சொல்லு."

குரல் கெஞ்சியது. என்னைக் குலுக்கினார். எனக்குத் தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. கேட்க நா எழவில்லை. அப்போது வாசலில் கூடை விழும் சத்தம் கேட்டது. பீபிக் வந்து எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. உள்ளே வந்து என் நெற்றியில் கைவைத்தார். பிறகு அத்தையைப் பார்த்து, மலாயில், மெதுவாகத்தான் சொன்னார்:

"பிள்ளை நெருப்பா கொதிக்குது. நீ அதுகிட்ட நம்பர் கேட்டுக்கிட்டு இருக்கியா?"

அத்தை என் தோளிலிருந்து கையை எடுத்து, அந்தக் கைகளையே பார்த்தார்.

மூன்று சக்கரத் திரிஷா வண்டியைப் பிடித்துவந்தவர் பீபிக்தான். டிஸ்பென்சரிக்குப் போகும் வழியெல்லாம் அத்தை என்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, வழக்கம்போலக் காசு முடிந்துவைத்திருந்த முந்தானையை அவிழ்த்துக் காசைப் பீபிக்கிடம் நீட்டியிருக்கிறார். பீபிக், "இன்னிக்கு உன்கிட்ட நான் வாங்கமாட்டேன்" என்றாராம். அது ஆட்டத்துக்கு அல்ல, திரிஷாவுக்கு என்று அத்தை சொல்ல வேண்டியிருந்ததாம். இதைப் பின்னாளில் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன்.

காய்ச்சல் இறங்க இரண்டு நாளாயிற்று. அதற்கு அடுத்த நாள் சாயங்காலம், நான் அம்மாவின் மடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, அத்தை அப்பாவிடம் பேசினார். வளையல், தாலிக்கொடி, பாசார் காசு எல்லாவற்றையும் அவராகவே சொன்னார்.

"நான் கிளேபாங் போறேன் அண்ணே. அங்க ஒரு தொர வீட்டுல துணி தொவைக்க ஆள் கேட்டாங்க. தங்கிக்கலாமாம்."

அம்மாதான் பேசினார். "இதுக்கா வீட்ட விட்டுப் போவாங்க? நானுந்தான் கட்டுறேன். கொஞ்சமா, பொழுதுபோக்குக்குக் கட்டிக்க. யாரு வேணாங்குறா?"

"உங்களால முடியுது அண்ணி. தோத்தா சிரிச்சுட்டு மறந்துடுறீங்க. எனக்கு ஜெயிச்சாக்கூட மறக்க முடியல. பீபிக் கொரல் கேட்டா காலு தானா வாசலுக்குப் போவுது. விட்டுடணும்னு தெனமும் காலையில நெனைக்கிறேன். பத்து மணிக்கு நெனைப்பே இருக்குறதில்ல."

அத்தை மேலும் சொன்னார். "அவரு வந்திருக்காருன்னு புள்ள சொல்லுது. நல்லாருக்கீங்களான்னு கேக்கத் தோணல அண்ணி. நம்பரக் கேட்டேன்."

அம்மாவின் கை என் முதுகில் நின்றது.

அத்தை ஒரு தகரப் பெட்டியோடு போனார். மாமாவின் படத்தையும் கழற்றிக்கொண்டு போனார். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றது. பாய் எனக்குப் பெரிதாகிவிட்டது. காலையில் கண்விழித்ததும் சொல்ல ஏதாவது இருக்கும், கேட்க ஆளிருக்காது. பல் துலக்குவதற்குள் அது கரைந்துவிடும். அப்பா ஏதோ சண்டை போட்டு அத்தையை அனுப்பிவிட்டதாக முடிவுகட்டி, அவர்மேல் கோபமாக இருந்தேன். பீபிக் மட்டும் பலகாரக் கூடையோடு வந்துகொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டுப் படியில் ஏறி ஒரு குவேயை என் கையில் வைப்பார். கனவு உண்டா என்று அவரும் கேட்கவில்லை.

பள்ளி விடுமுறையில் அப்பா என்னைக் கிளேபாங்கில் ஓர் இரவு விட்டுவந்தார். துரை வீட்டுக்குப் பின்னால் அத்தைக்கு ஒரு சின்ன அறை. சன்னலைத் திறந்தால் கடல். அத்தை மெலிந்திருந்தார், கைகள் சோப்பில் வெளுத்திருந்தன. சாப்பிடும்போது, "இப்பல்லாம் பத்து மணிக்குத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கு. அந்த நேரத்துல அடிச்சுத் தொவைக்கன்னு வெள்ளத் துணிய வச்சுப்பேன்" என்று எனக்குச் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார்.

அன்றிரவு உண்மையாகவே மாமா என் கனவில் வந்தார். விடிந்ததும் அத்தையின் முகம் பக்கத்தில் இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

"மாமா வந்தாரு அத்தை. கடல் பக்கமா நின்னுக்கிட்டு இருந்தாரு."

அத்தையின் விரல்கள் என் தலைமயிருக்குள் நின்றன.

"நல்லாருந்தாரா?"

"நல்லாருந்தாரு. என்னமோ சொன்னாரு அத்தை, அது வந்து..."

"போதும் பாப்பா. நல்லாருந்தாருல்ல."

நான் அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். எந்தக் கால் முன்னால் இருந்தது, தண்ணீர் தெளிவா, கலங்கலா, எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அத்தை என்னை இறுக்கி அணைத்துக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து துணி ஊறவைக்கப் போனார். அவருக்கு என்மேல் இருந்த பிரியம் குறைந்துவிட்டது என்று நினைத்து, பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை நான் அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.