பக்கத்தில் உட்கார ஓர் ஆள்

சுயேச்சையாக நிற்பவனை யாரும் எதிர்ப்பதில்லை. முதலில் எனக்கு உறைத்தது அதுதான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகள் முடிந்து வீடுகள் தொடங்கும் எங்கள் தெருவில் ஓட்டுக் கேட்டு நடந்தபோது ஒருவர்கூடக் கதவைச் சாத்தவில்லை. சிரித்தார்கள். மோர் கொடுத்தார்கள். "இம்புட்டு வெயில்ல ஏண்ணே அலையிறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார்கள். எதிர்ப்பு இருந்திருந்தால் அதன்மேல் சாய்ந்தாவது நின்றிருப்பேன். அன்பின்மேல் சாய முடியவில்லை. அது விலகி விலகி வழிவிட்டது.

என் தொழில் ஊரை உட்காரவைப்பது. நாற்காலி, பந்தி மேசை, ஷாமியானா, அண்டா, குண்டா எல்லாம் வாடகைக்கு விடும் கடை. இந்தப் பக்கத்துக் காதுகுத்துகளும் கல்யாணங்களும் கருமாதிகளும் என் நாற்காலிகளில்தான் நடந்தன. அழுதவர்களின் எடையும் சிரித்தவர்களின் எடையும் அவற்றுக்கு ஒன்றுதான். எனக்கு அப்படியில்லை. சாமான் இறக்கிவிட்டு ஓரமாக நின்று எல்லா வீட்டு முகங்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் இந்த ஊரை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

சட்டசபைத் தேர்தலில் ஏன் நின்றேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய பதில் இல்லை. மழை பெய்தால் எங்கள் தெருவில் சாக்கடை வீட்டுக்குள் வருகிறது. முழங்காலளவுத் தண்ணீரில் அடுப்பைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துச் சமைத்தார்கள் சென்ற மழையில். மனு கொடுத்துக் கொடுத்து மனுவின் வாசகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஒருநாள் டீக்கடையில், "யாருமே நிக்காட்டி நானே நிக்கிறேன்" என்றேன். கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்டுப் பழக்கமில்லாதவன் நான். முன்மொழியப் பத்துப் பேர் கையெழுத்தும் போட்டார்கள். காகிதத்தோடு முடிகிற காரியம்தானே அது.

சின்னமாக நாற்காலி கேட்டேன். கிடைத்தது தையல் மிஷின்.

"அண்ணே, மிஷின் வாங்கிட்டீங்களாமே? ரெண்டு ரவிக்கை கெடக்கு, ஓரம் அடிச்சுத் தாரீங்களா?" என்று குழாயடியில் ஒரு பெண் கேட்டாள்.

"ஓட்டுப் போடுங்க தாயி, எல்லாத்தையும் தச்சிடலாம்."

"சாக்கடையவும் சேத்தா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிக்க ஆளில்லை. மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகள் கோயம்புத்தூரில், அவள் ஓட்டும் அங்கேதான். கடையில் சாமான் ஏற்றி இறக்குபவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள். வண்டி ஓட்டுபவருக்கு அழகர்கோவில் பக்கம். என் தொகுதிக்குள் எனக்கென்று இருந்தது என் ஓட்டு மட்டும்தான்.

பிரசாரக் காலம் முழுக்கப் பெரிய கட்சிகளின் கூட்டங்களுக்கு என் நாற்காலிகள் போயின. காலையில் திரும்பி வரும்போது முதுகில் அவர்களுடைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டு, துணியால் தேய்த்து, ஒவ்வொரு முதுகிலிருந்தும் சிரிக்கும் முகங்களை உரித்தெடுப்பேன். கூட்டம் போட்டுப் பேச எனக்கு ஆளும் இல்லை, நாற்காலியும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் பூத் ஏஜென்ட் விஷயம் வந்தது. ஓட்டுப்பதிவு அன்று சாவடிக்குள் வேட்பாளர்களின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வருகிறவர் சரியான ஆள்தானா என்று பார்ப்பார்கள். அந்தப் பகுதி வாக்காளராக இருக்க வேண்டும். எல்லாச் சாவடிக்கும் எனக்கு ஆள் கிடைக்காது என்று தெரியும். எங்கள் தெருச் சாவடியில், மாநகராட்சிப் பள்ளியில், எனக்காக ஒருவர் உட்கார்ந்தால் போதும் என்று தோன்றியது. ஜெயிப்பது பற்றிய பேச்சே என் மனதை விட்டுப் போய்விட்டது. அந்த ஒரு ஆள், அவ்வளவுதான். ஓட்டு ரகசியம். உட்காருவதில் ரகசியம் ஏதும் இல்லை. ஊர் பார்க்க, நாள் முழுக்க, இவன் பக்கம் நான் என்று உட்கார வேண்டும்.

கேட்பதற்கு எனக்குத் தெரிந்தது ஒரே முறைதான். என் கடைக்கு வருகிறவர்கள் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்துத்தான் தேதி சொல்வார்கள். தட்டை வாங்கிவிட்டால் அந்தத் தேதி அவர்களுடையது. எவ்வளவு பெரிய இடத்து ஆள் பிறகு வந்தாலும் மாற்ற மாட்டேன். நானும் அப்படியே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் போனது பக்கத்துக் கடைக்காரன் வீட்டுக்கு. சுங்குடிச் சேலை வியாபாரம், சௌராஷ்டிரக் குடும்பம். காலை டீயை நாங்கள் தனித்தனியாகக் குடித்ததே இல்லை.

"என்ன மாப்ள, தட்டோட வந்திருக்க? இந்த வயசுல பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?"

சொன்னேன். தட்டின்மேல் வைத்த கையை அவன் எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. உள்ளேயிருந்து அவன் மனைவி வந்தார். இருவரும் தங்கள் வீட்டு மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது புரியாது. மெல்லிய, வளைந்து வளைந்து போகிற பேச்சு. அதன் நடுவே ‘ஏஜென்ட்', ‘கவுன்சிலர்', ‘லைசென்ஸ்' என்ற சொற்கள் மட்டும் ஆற்று மணலில் பாறை போலத் தலைநீட்டின. மிச்சத்தை அவற்றைப் பிடித்தே புரிந்துகொண்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன் மாப்ள" என்றான்.

தட்டை அப்படியே திருப்பித் தரக் கூடாது என்று அவன் மனைவி இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீக."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் என்ன இருந்தது. அடுத்தடுத்த வீடுகளிலும் தட்டை மரியாதையாக வாங்கினார்கள், மரியாதையாகத் திருப்பினார்கள்.

மறுநாள் கடையைத் திறந்ததும், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒரு கவரோடு வந்தார்.

"அண்ணே, தட்டு வச்சுக் கூப்பிட்டுட்டீக. அன்னைக்குன்னு பாத்து எனக்கு ஒரு சோலி. வர முடியாது. அதேன்..."

"என்னண்ணே இது?"

"மொய். எழுதிக்கங்க."

விசேஷத்துக்கு வர முடியாதவர்கள் மொய்யை முன்கூட்டியே கொடுத்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். நான் விசேஷத்துக்கு அழைப்பதுபோல அழைத்துவிட்டேன். அவர்களும் விசேஷத்தைத் தவிர்ப்பதுபோலத் தவிர்த்தார்கள். மதியத்துக்குள் இன்னும் சில கவர்கள் வந்தன. மூலையில் மஞ்சள் தடவிய கவர் ஒன்றைப் பக்கத்துக் கடையிலிருந்து கொடுத்தனுப்பியிருந்தான், நாலடி தூரம் வராமல்.

என் வண்டி ஓட்டுநர் ஸ்டியரிங்கில் கவிழ்ந்து சிரித்தார். "அண்ணே, ஊரு ஒலகத்துல வேட்பாளரு ஓட்டருக்குக் குடுப்பாரு. இங்கதேன் ஓட்டரு வேட்பாளருக்குக் குடுக்காரு! இதை யாருட்டண்ணே புகார் பண்றது?"

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிப்பு நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, காலி மண்டபத்தில் மின்விசிறி சுற்றுவதுபோல ஒரு சத்தம் மட்டும். கவர்களைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவந்தேன். "நல்லது நடக்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி, எது நல்லது என்று எனக்கே மறந்துபோனது.

ஓட்டுப்பதிவு அன்று விடியும்போது நானே போய் உட்கார்ந்தேன்.

"உங்க ஏஜென்ட் வரலையா சார்?" என்று அதிகாரி கேட்டார்.

"நாந்தாங்க வேட்பாளர்."

"சரி, ஏஜென்ட்?"

"அதுவும் நாந்தான்."

அவர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பெஞ்சு, முழங்கால் நெஞ்சில் முட்டியது. இயந்திரம் சரியாக வேலை செய்கிறதா என்று முதலில் எல்லோரும் மாற்றி மாற்றி அமுக்கிப் பார்த்தார்கள். எல்லாச் சின்னத்துக்கும் சமமாகப் போட்டார்கள். கூட்டிச் சொன்னபோது தையல் மிஷின் பெரிய கட்சிகளுக்குச் சமமாக நின்றது. ஒரு பொத்தானை அமுக்கி அதை அழித்தார்கள். பிறகு கதவைத் திறந்தார்கள்.

"தலைவரே, ஒரு பொட்டலம் கூட இருக்கு, சாப்பிடுங்க" என்று பெரிய கட்சி ஏஜென்ட் இட்லியை நீட்டினான். அவனுக்கு என் மகள் வயது. ‘தலைவரே'யில் கிண்டல் இருந்தது, இட்லியில் இல்லை. வாங்கிச் சாப்பிட்டேன்.

தெரு மொத்தமும் என் கண்முன்னால் வரிசையில் வந்தது. என்னைக் கடக்கும்போது இருமினார்கள், புருவத்தை உயர்த்தினார்கள். ஒருவர் காற்றில் தையல் மிஷின் சக்கரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு அதிகாரியிடம் திட்டு வாங்கினார். பக்கத்துக் கடை நண்பன் மனைவியோடு வந்தான். விரலில் மை வைக்கும்வரை மைப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மட்டும் என்னைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினார். நான் சுவரில் எழுதியிருந்த வாய்ப்பாட்டைப் படித்தேன். என் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பெஞ்சு காலியாக இருந்தது. மாலைவரை அதன்மேல் ஜன்னல் வெயில் நகர்ந்து நகர்ந்து போயிற்று.

எண்ணிக்கையில், எதிர்பார்த்தபடியே, நான் கடைசி வரிசை. எங்கள் தெருச் சாவடியில் கொஞ்சம் விழுந்திருந்தது. கைவிரல்களுக்குள் அடங்கும், ஆனால் இல்லாமல் இல்லை. அதன்பிறகு பார்க்கிறவர்களெல்லாம், "அண்ணே, அதுல ஒண்ணு என்னுது" என்றார்கள். குழாயடிப் பெண் சொன்னாள், கண்டக்டர் சொன்னார். அவர்கள் சொன்னதையெல்லாம் கூட்டினால் நான் பாதிவழியாவது வந்திருப்பேன். எல்லோருக்கும் தலையாட்டினேன். எல்லோரையும் நம்பவும் முடியவில்லை, யாரையும் நம்பாமல் இந்தத் தெருவில் இருக்கவும் முடியாது.

நண்பன் சில நாள் டீக்கு வரவில்லை. பிறகு ஒரு காலையில் வந்து, எப்போதும்போல என் கிளாஸையும் சேர்த்து வாங்கி நீட்டினான். அரசியல் பேசவில்லை. நூல் விலை பற்றிச் சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் கிளம்பிப் போய், டீ மாஸ்டர் பால் சட்டிப் பக்கம் திரும்பியதும், குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மாப்ள, நீ மறுக்கா நின்னேன்னா நான் உக்காருறேன்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு மாப்ள."

அவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். டீயை ஊதினான்.