மணிக்கோபுரத்தின் எட்டுப் பட்டை

திருவிடைமருதூர்ப் பக்கம் மூன்று மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிகள், இரண்டு கல்யாண மண்டபங்கள், ஓர் அரிசி ஆலை, வாய்க்கால்களில் கணக்கில்லாத மதகுகள். எல்லாம் நான் கட்டியவை. மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். "நாத்து நடுறவன் மவனுக்கு மட்டப்பலகை எதுக்குடா?" என்று கேட்ட ஊரிலேயே சொந்தமாகச் சாரம் கட்டினேன்.

கடைசியாகக் கட்டியது எங்கள் ஊர் மாதா கோயில் மணிக்கோபுரம். வருகிற திருவிழாவில் திறக்கிறார்கள். வாசல் கல்லில் ஆயர், பங்குத்தந்தை, இன்ஜினியர், கமிட்டிக்காரர்கள் பெயர்கள் வருமாம். என் பெயர் இல்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

கோபுரத்தின் படத்துக்குக் கமிட்டியில் எல்லோரும் கை தூக்கினார்கள். அது முன்பக்கத் தோற்றம் மட்டும்தான்: கீழே நீள்சதுரம், மேலே முக்கோணம். நாலு சுவரும் எழும்பிய பிறகு, உச்சிக்குக் கான்கிரீட் போடப் பலகை அடிக்குமுன் கேட்டேன்.

"உச்சி உருண்டு போகணுமா, நாலு பட்டையா போகணுமா?"

"களத்துல குமிச்ச நெல்லு மாதிரி உருண்டு போகணும் மேஸ்திரி," என்றார் தலைவர்.

"யாரு சொன்னா? நாலு பட்டைன்னுல்ல நான் கை தூக்குனேன்!" என்றார் செயலாளர்.

"படத்துல முக்கோணம்தான இருக்கு?" என்றார் தலைவர்.

"ரெண்டையும் முன்னால நின்னு பாத்தா முக்கோணம்தாங்க," என்றேன்.

விஷயம் அவ்வளவுதான். கூம்புக்கு அடி வட்டம், சுற்றி வளைந்த ஒரே முகம். பிரமிடுக்கு அடி சதுரம், சாய்ந்த முக்கோணங்கள் நாலு. தண்ணீர்த் தொட்டி உருளை. அதற்கு மேலும் கீழும் ஒரே வட்டம், கூர் கிடையாது. பந்துக்கு விளிம்பே கிடையாது. காகிதத்தில் பார்த்தால் பந்தும் வெறும் வட்டம்தான்.

இன்ஜினியரைப் போனில் கேட்டோம். எதுவானாலும் சுவர் தாங்கும், கமிட்டியே முடிவு செய்யட்டும் என்றார். கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. வேலை நின்றது. திருவிழாவுக்கு மணி ஏறாது என்று பங்குத்தந்தை கவலைப்பட்டார்.

அவர் மேசையில் சதுரமான கேக் பெட்டி ஒன்று இருந்தது. கடலை மடித்த காகிதக் கூம்பை அதன்மேல் கவிழ்த்தேன். நாலு மூலையும் மிஞ்சி நின்றன.

"மழைத்தண்ணி நிக்கிற எடம் இதுதாங்க."

"கூம்பைப் பெருசாக்குங்க," என்றார் தலைவர்.

"சுவத்துக்கு வெளிய தொங்கும். மாதா கோயிலு குடை புடிச்சாப்ல நிக்கும்."

"அதான் நாலு பட்டைங்கிறேன்," என்றார் செயலாளர். தலைவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

தாராசுரம் கோயிலருகே பாதை போடும் வேலைக்குப் போனபோது, மண்டபத் தூண்களைப் பார்த்திருக்கிறேன். சதுரமாக இருக்கும் தூண் மேலே போய் எட்டுப் பட்டையாகும். அதுதான் எனக்குக் கைகொடுத்தது. சுவர் முடியும் இடத்தில் நாலு மூலைகளையும் சரிவாகச் சீவி எட்டுப் பட்டை ஆக்கினேன். அதன்மேல் கூம்பு உட்கார்ந்தது. மூலையில் விழும் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். ஐப்பசி மழையில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

"பட்டையும் இருக்கு, உருண்டையும் இருக்கு. ரெண்டு பேரு வாயையும் அடைச்சிட்டீங்க மேஸ்திரி!" என்று செயலாளரே சிரித்தார்.

நேற்றுக் கல்லில் என் பெயரைக் கேட்டதற்குத் தலைவர் சொல்கிறார், "வேலை செஞ்சவங்க பேரையெல்லாம் போட்டா கல்லு தாங்காதுங்க."

"கை தூக்குனவங்க பேரைத் தாங்குதுல்ல?" என்றேன். மறுபடியும் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

கல்லை இன்னும் வெட்டவில்லை. கமிட்டிக்காரர்களுக்குக் கீழே அல்ல, இன்ஜினியர் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் என் பெயர் வர வேண்டும். சதுரத்தின்மேல் கூம்பை உட்காரவைத்த மேஸ்திரி என்றே வெட்ட வேண்டும்.